மருந்துச் சீட்டும் மருந்துக் கடையும்

நோய் கண்டவுடன் மருத்துவரை நாடாமல் மருந்துக் கடையை நாடுவது நம் நாட்டில் நகரத்தாருக்கும் கிராமத்தாருக்கும் பொதுவான வழக்கமாக இருந்து வருகிறது. தொண்டை வலி, இருமல், வயிற்றுப்போக்கு என்று நோயின் குறியைச் சொன்னால் போதும். கடைக்காரர் இரண்டு வேளைக்கோ மூன்று வேளைக்கோ உரிய மாத்திரைகளைக் கத்தரித்துக் காகித உறையிலிட்டுக் கொடுத்துவிடுகிறார். கொடுப்பவர் அதைப் பெருங்குற்றமாகக் கருதுவதில்லை. வாங்குபவருக்கோ அது குற்றம் என்பதே தெரியாது. ஆயினும் அவ்வாறு கைமாறும் மாத்திரைகளுள் பல, பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையாக விற்கப்படலாகாது என்று அவற்றின் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.

சட்டம் இல்லாமையால் நேர்ந்த குறை அன்று இது. போலி மருந்துகளும் வீரியம் குன்றிய மருந்துகளும் நாட்டில் மலிந்திருந்த நிலையை ஆராய, லெப்டினென்ட் கர்னல் ஆர். என். சோப்ரா அவர்களின் தலைமையில் 1930ஆம் ஆண்டில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1931இல் வெளிவந்தது. அதன் பயனாக 1940ஆம் ஆண்டில் மருந்துச் சட்டமும், 1945இல் அதன் விதிகளும், 1948இல் பார்மசிச் சட்டமும் பிறந்தன. இவை இயற்றப்பட்ட காலத்தில் கலப்படமே பெரும் கவலையாக இருந்தது. நல்ல மருந்தே தவறாக விற்கப்பட்டால் நேரும் தீங்கு பின்னரே தெளிவாக உணரப்பட்டது.

விதிகள் இயற்றப்பட்ட அதே 1945ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில், பெனிசிலினைக் கண்டறிந்தமைக்காக நோபெல் பரிசு பெற்ற அலெக்சாண்டர் பிளெமிங் தமது பரிசுப் பேருரையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. தொண்டைப் புண் கண்ட ஒருவர் தாமே பெனிசிலின் வாங்கிப் போதிய அளவின்றி உட்கொள்வதாக அவர் கற்பனை செய்தார். கிருமிகள் அழியவில்லை; மருந்தைத் தாங்கும் திறனைப் பெற்றன. அவை அவருடைய மனைவியைப் பற்றின, அவருக்கு நிமோனியா கண்டபோது பெனிசிலின் பயன்படவில்லை, அவர் இறந்தார். மருந்தைத் தவறாக உண்டவர் பிழைத்துக்கொள்ள, உண்ணாதவர் மாள்வதே இக்கற்பனைக் கதையின் கருத்து. பூனாவுக்கு அருகே பிம்ப்ரியில் நமது அரசாங்கத் தொழிற்சாலை பெனிசிலின் தயாரிக்கத் தொடங்குவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே இந்த எச்சரிக்கை உலகுக்குக் கிடைத்துவிட்டது.

இதன் இயற்கைக் காரணம் எளிது. ஒரு நோயாளியின் உடலிலுள்ள கோடிக்கணக்கான கிருமிகளுள் மருந்தைத் தாங்கவல்ல சில இருக்கக்கூடும். அரைகுறை அளவு மருந்தால் மற்றவை மடிய, அச்சிலவே எஞ்சிப் பெருகுகின்றன. மேலும் அத்தாங்குதிறனுக்குரிய மரபுக் கூறை ஓர் இனக் கிருமி மற்றோர் இனக் கிருமிக்கும் கொடுக்க வல்லது. சளி, சாதாரணக் காய்ச்சல் போன்ற வைரஸ் நோய்களுக்கு இம்மருந்துகளால் பயனே இல்லை. ஆனால் அப்போதும் குடலில் வாழும் கிருமிகள் இப்பயிற்சியைப் பெற்றுவிடுகின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகளையே நேர்க் காரணமாகக் கொண்டு 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022இல் வெளியான ஆய்வொன்று கணித்துள்ளது.

விதி கூறுவது யாது?

சீட்டின்றி விற்கலாகாத மருந்துகள் பெரும்பாலும் 'எச்' என்னும் அட்டவணையில் அடங்கும். சீட்டு எழுத்து மூலமாக இருக்க வேண்டும். மருத்துவரின் கையொப்பமும் தேதியும், நோயாளியின் பெயரும் முகவரியும், மருந்தின் மொத்த அளவும், உண்ண வேண்டிய அளவும் அதில் காணப்பட வேண்டும். மருத்துவர் வேறு விதமாகக் குறித்தாலன்றி ஒரு சீட்டுக்கு ஒரு முறையே மருந்து கொடுக்கலாம். கொடுத்தவுடன் மருத்துவரின் கையொப்பத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, கொடுத்த நாள் ஆகியவற்றைக் கடைக்காரர் குறிக்க வேண்டும். இவை யாவும் பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில் நிகழ வேண்டும்.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கடையின் பெயரும் நாளும் சீட்டில் ஏறினால் அதே சீட்டைக் கொண்டு ஆறு மாதம் கழித்து வேறொரு கடையில் மருந்து வாங்க இயலாது. நடைமுறையில் அவ்வாறு குறிப்பெழுதப்பெற்ற சீட்டைக் கண்டவர் மிகச் சிலரே. ஒரு முறை எழுதிய சீட்டு வீட்டில் பத்திரப்படுத்தப்பட்டு, குடும்பத்தில் எவருக்குக் காய்ச்சல் வந்தாலும் பயன்படுகிறது. அண்டை வீட்டாருக்கும் இரவல் போகிறது.

ஒரு மருந்தை முற்றாகத் தடை செய்வது அரசாங்கத்துக்கு ஒப்புநோக்கில் எளிது. கோழிப் பண்ணைகளிலும் மீன் வளர்ப்பிலும் கால்நடைத் தீவனத்திலும் கோலிஸ்டின் என்னும் மருந்தை உபயோகிப்பது 2019 ஜூலையில் தடை செய்யப்பட்டது. அத்தகைய தடையைத் தொழிற்சாலை வாயிலிலும் மொத்த வியாபாரியின் கிடங்கிலும் நின்றே பெருமளவு செயற்படுத்திவிடலாம். சீட்டு விதியோ மருந்தைத் தடுப்பதன்று. இன்னாருக்குக் கொடு, இன்னாருக்குக் கொடாதே என்று பிரித்துக் கூறுவது. அப்பிரிவினை பல லட்சம் கடைகளில், ஒரு நாளில் எண்ணற்ற முறை, விற்பவரின் மனச்சான்றைக் கொண்டே நிகழ வேண்டியிருக்கிறது.

கடையின் மேசைக்கு இருபுறமும்

மேசைக்கு வெளிப்புறம் நிற்பவரை முதலில் நோக்குவோம். தினக்கூலி பெறும் ஒருவர், காய்ச்சலோடு இருக்கும் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் சென்றால் மருந்து இலவசமே. ஆனால் பஸ் கட்டணமும் அன்றைய கூலியும் அவருக்கு நஷ்டம். தனியார் மருத்துவரிடம் சென்றால் ஆலோசனைக் கட்டணம் மருந்தின் விலையை மிஞ்சும். மருந்துக் கடையோ மாலை வேளையிலும் திறந்திருக்கிறது, கட்டணம் கேட்பதில்லை, கையிலிருக்கும் காசுக்கு ஏற்ப மூன்று மாத்திரையும் தரும். அவர் கடைக்குச் செல்வது அறியாமையால் மட்டும் என்று எண்ணிவிடலாகாது. அவருடைய கணக்கில் அது சரியான கணக்கே. அக்கணக்கில் சேராத செலவு ஒன்று உண்டு. அதைப் பின்னொரு நாள் மருத்துவமனையில் வேறொருவர் செலுத்துவார்.

கையிலுள்ள காசுக்கு மூன்று மாத்திரை என்னும் இவ்வழக்கமே பெரும் கேடு. ஐந்து நாள் உண்ண வேண்டிய மருந்தை ஒன்றரை நாள் உண்டு, காய்ச்சல் தணிந்தவுடன் நிறுத்திவிடுவது பிளெமிங் கற்பனை செய்த நிலையே ஆகும். மேலும் கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர், காலாவதியாகும் நாள், எச்சரிக்கை வாசகம் ஆகிய எல்லாம் சேர்ந்து இருப்பது அரிது. மருத்துவரின் ஆலோசனையின்றி இம்மருந்தை உண்ணலாகாது என்பதைப் படிக்கத் தெரியாதவரும் அறியும் பொருட்டு, அட்டையின் ஓரத்திலுள்ள சிவப்புக் கோட்டைக் கவனிக்குமாறு மத்திய சுகாதார அமைச்சு 2016 பிப்ரவரியில் ஓர் இயக்கம் தொடங்கியது. கருத்து மிக நல்லது. ஆனால் மேசையின் உட்புறத்தில் இருக்கும் கத்தரிக்கோலுக்குச் சிவப்புக் கோடு பெரிய தடையன்று.

இனி உட்புறம் நிற்பவர். விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளில் சில்லறை வியாபாரிக்கு 2013ஆம் ஆண்டின் ஆணைப்படி 16 சதவிகிதம் கழிவு கிடைக்கிறது. மருந்து கொடுத்தால் வருமானம் உண்டு. மருந்து வேண்டாம், மருத்துவரிடம் செல்லுங்கள் என்று அறிவுரை கொடுத்தால் வருமானம் இல்லை. மறுக்கப்பட்ட வாடிக்கைக்காரர் எதிர்ப்புறக் கடைக்குச் செல்வார். அடுத்த மாதம் பற்பசை வாங்கவும் அங்கேயே செல்வார். தெருவிலுள்ள எல்லாக் கடைகளும் ஒன்றாக மறுத்தாலன்றித் தனியொரு கடைக்காரரின் நேர்மை அவருக்கே தண்டனையாக முடிகிறது.

மேற்பார்வை செய்ய வேண்டிய மருந்தாளுநர் எங்கே? பல கடைகளில் அவருடைய சான்றிதழ் சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும். அவர் அங்கு இருக்கமாட்டார். மாதந்தோறும் ஒரு தொகை பெற்றுக்கொண்டு பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வேறிடத்தில் பணிபுரிவோர் உண்டு என்பது தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்த இரகசியம். மேசையில் நிற்பவர் பல ஆண்டு அனுபவத்தால் மருந்துகளின் பெயரைக் கற்றுக்கொண்ட இளைஞர். அவர் அறிந்தது பெயர். எந்த மருந்து எக்கிருமிக்கு உரியது என்பதன்று.

சீட்டு எழுதுவோரிடமும் குழப்பம் இல்லாமல் இல்லை. அட்டையில் கூறப்படும் பதிவு பெற்ற மருத்துவரைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் 'ஆர்.எம்.பி.' என்பன. ஆந்திரம், தெலங்கானா முதலிய இடங்களில் முறையான பட்டமின்றிக் கிராமங்களில் வைத்தியம் செய்வோரையும் மக்கள் 'ஆர்.எம்.பி. டாக்டர்' என்றே அழைக்கின்றனர். இரண்டும் ஒன்றென்று எண்ணும் கிராமவாசியைக் குறை கூற இயலாது. பட்டம் பெற்ற மருத்துவர்களிலும் சளிக்கு ஆண்டிபயாடிக் எழுதுவோர் குறைவல்லர். சீட்டு இருந்துவிட்டால் மட்டும் மருந்து சரியாகிவிடாது என்பதை இக்கட்டுரைப் பொருளில் மறக்கலாகாது.

பரிசோதகரின் கணக்கு

விதிப்படி மருந்துப் பரிசோதகர் தம் எல்லைக்குட்பட்ட விற்பனைக் கடை ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்வையிட வேண்டும். டாக்டர் மஷேல்கர் தலைமையிலான நிபுணர் குழு 2003இல் அளித்த அறிக்கையில் 200 விற்பனைக் கடைகளுக்கு ஒரு பரிசோதகர் தேவை என்று கூறியது. பல மாநிலங்களில் அவ்வளவு பேர் இல்லை. இருப்பவருக்கும் மாதிரி எடுத்தல், போலி மருந்துகளைத் தேடுதல், நீதிமன்றத்தில் சாட்சி கூறுதல் ஆகிய பணிகள் உண்டு.

அவர் கடைக்குள் நுழையும் வேளையில் எவரும் சீட்டின்றி மருந்து கேட்கமாட்டார், கேட்டாலும் கொடுக்கப்படமாட்டாது. சீட்டு நோயாளியோடு போய்விடுகிறது. ஆகவே நிகழ்ந்த தவற்றுக்குச் சான்று கடையில் எஞ்சுவதில்லை. பரிசோதகருக்கு உள்ள ஒரே உறுதியான வழி கணக்கு. மொத்த வியாபாரியிடமிருந்து இத்தனை அட்டை வாங்கியதாக ரசீது உண்டு. அலமாரியில் இத்தனை இருக்கின்றன. சீட்டின் பேரில் விற்றதாகப் பதிவேட்டில் இத்தனை காண்கின்றன. மூன்றும் பொருந்தாவிடில் வேறுபாடு எங்கே போயிற்று என்று கேட்கலாம். இக்கேள்வியைக் கேட்பதற்கே செம்மையான பதிவேடு வேண்டும்.

அத்தகைய பதிவேடு தோன்றிய வரலாறு சுவையானது. கார்பபெனம் என்னும் உயர்தர மருந்துகளையும் செயலற்றதாக்கும் நொதி ஒன்றைப் பற்றி, அதற்குச் சூட்டப்பட்டிருந்த புது டெல்லியின் பெயரோடு, 2010இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பெயரைக் குறித்து நாட்டில் எழுந்த மனத்தாங்கல் பெரிது; அதனால் விளைந்த நன்மையும் சிறிதன்று. 2011இல் தேசிய ஆண்டிபயாடிக் கொள்கை வகுக்கப்பட்டது. மிக உயர்ந்த மருந்துகளைப் பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே வழங்கலாம் என்ற யோசனையும் அதனோடு எழுந்தது. பெரிய மருத்துவமனை இல்லாத ஊரில் நோயாளி மருந்தின்றி மாள நேரிடுமே என்று பலர் ஆட்சேபித்தனர். அந்த ஆட்சேபம் நியாயமானதே. யோசனை கைவிடப்பட்டது.

2012 ஆகஸ்டில் பல மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடி ஒரு பிரகடனம் வகுத்தனர். எல்லா ஆண்டிபயாடிக்குகளையும் ஒரே நாளில் கட்டுப்படுத்த முயன்றால் ஒன்றும் நடவாது. ஒரு சில முக்கிய மருந்துகளில் தொடங்கிப் படிப்படியாக இறுக்கலாம் என்பது அவர்கள் கண்ட வழி. 2013 ஆகஸ்டில் மத்திய அரசாங்கம் 'எச்-1' என்ற புதிய அட்டவணையை அறிவித்தது; அது 2014 மார்ச் 1ஆம் நாள் முதல் அமலுக்கு வந்தது. தொடக்கத்தில் அதில் 46 மருந்துகள் இடம்பெற்றன. செபிக்சிம், மெரோபெனம், லெவோபிளாக்சசின் போன்ற ஆண்டிபயாடிக்குகளும், ரிபாம்பிசின் முதலிய காசநோய் மருந்துகளும், பழக்கத்துக்கு அடிமையாக்கும் சில மருந்துகளும் அவற்றுள் அடங்கும். இவற்றை விற்கும்போது மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயரும், மருந்தும் அளவும் தனிப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். பதிவேட்டை மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும்.

படிப்படியாக என்ற முறையில் ஒரு விரிசலும் உண்டு. அமாக்சிசிலின், அசித்ரோமைசின், சிப்ரோபிளாக்சசின் ஆகியவை பழைய 'எச்' அட்டவணையிலேயே விடப்பட்டன. சிப்ரோபிளாக்சசினும் லெவோபிளாக்சசினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்குப் பதிவேடு வேண்டும், மற்றொன்றுக்கு வேண்டாம் என்றால் விற்பவரின் கை எப்பக்கம் நீளும் என்று கூற வேண்டியதில்லை.

கடைக்காரரைப் பற்றி ஓர் ஆய்வு

டெல்லி, மும்பை, பாட்னா ஆகிய மூன்று நகரங்களில் 622 மருந்துக் கடைகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளிவந்தன. நோயாளிபோல் நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அக்கடைகளுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் காசநோய்க்குரிய இருமலையும் காய்ச்சலையும் மட்டும் கூறினர். சிலர் காசநோய் உறுதியாயிற்று என்ற சளிப் பரிசோதனை முடிவையும் காட்டினர். குறியை மட்டும் கூறியவர்களுள் 37 சதவிகிதத்தினருக்கு ஆண்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. பரிசோதனை முடிவைக் காட்டியவர்களுக்கு அது 16 சதவிகிதமாகக் குறைந்தது. அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர். முதல்நிலைக் காசநோய் மருந்தை ஒரு கடையும் விற்கவில்லை.

இம்முடிவு ஊன்றி நோக்கத் தக்கது. நோய் இன்னதென்று தெரிந்தபோது அதே கடைக்காரர் பொறுப்போடு நடந்துகொள்கிறார். தெரியாதபோது ஊகித்துக் கொடுக்கிறார். பேராசை ஒன்றே காரணமாயின் இவ்வேறுபாடு தோன்ற வேண்டியதில்லை.

காசநோய்த் துறை இக்கருத்தை வேறு விதத்தில் பயன்படுத்திக்கொண்டது. 2012 முதல் காசநோயாளியைப் பற்றி அறிவிப்பது மருத்துவரின் கடமையாயிற்று. 2018 மார்ச்சில் வெளியிடப்பட்ட அறிவிக்கையின்படி, காசநோய் மருந்து வழங்கும் கடைக்காரரும் நோயாளியைப் பற்றிய விவரத்தைச் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். தனியாரிடம் வைத்தியம் பெற்று, பாதியில் மருந்தை விட்டுவிடும் நோயாளியைத் தேடிச் செல்வதற்குக் களப்பணியாளருக்கு இதனால் ஒரு முகவரி கிடைக்கிறது. பரிசோதகருக்குப் பயந்து எழுதப்படும் பதிவேட்டைவிட, யாரோ ஒருவர் படித்துப் பயன்கொள்ளும் பதிவேடு ஒழுங்காக எழுதப்படும்.

கேரளத்தின் முயற்சி

மாநில அளவில் இவ்விஷயத்தைத் தொடர்ச்சியாக மேற்கொண்ட அரசாங்கம் கேரள அரசாங்கம். 2018இல் அது தனக்கென ஒரு செயல் திட்டத்தை வகுத்தது. 2024 ஜனவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் 'அம்ருத்' என்னும் பெயரில் கடைகளில் திடீர்ச் சோதனைகள் தொடங்கினர். சீட்டின்றி ஆண்டிபயாடிக் கொடுக்கப்படமாட்டாது என்ற அறிவிப்பு கடைதோறும் வைக்கப்பட வேண்டும்; மீறும் கடையைப் பற்றிப் பொதுமக்களும் துறைக்குத் தெரிவிக்கலாம். ஆண்டிபயாடிக்கைப் பிற மருந்துகளோடு கலக்காமல் நீல நிற உறையில் இட்டுக் கொடுக்கும் முறையும் புகுத்தப்பட்டது. கத்தரித்த துண்டில் கோடு போய்விட்டாலும் உறையின் நிறம் போகாது.

எல்லாக் கடைகளும் ஒரே காலத்தில் மறுக்கும்படி செய்தமையே இதன் சிறப்பு. தனியொரு கடைக்காரருக்கு இருந்த நஷ்டபயம் அதனால் குறைகிறது. ஆனால் ஒன்று: ஆரம்ப சுகாதார நிலையங்கள் நெருக்கமாக அமைந்த மாநிலம் அது. மறுக்கப்பட்டவர் செல்வதற்கு ஓரிடம் அருகில் இருக்கிறது. பத்துக் கல் தொலைவுக்கு மருத்துவரே இல்லாத வட்டாரத்தில் அதே சோதனைகளை அதே வேகத்தில் நடத்தினால், தேவையற்ற மாத்திரையோடு தேவையான மாத்திரையும் நின்றுபோகும். குழந்தைகளின் நிமோனியாவில் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து.

இதை அரசாங்கம் அறியாமல் இல்லை. கடும் தொற்று கண்ட பச்சிளங் குழந்தைக்கு, மேல் மருத்துவமனைக்கு அனுப்புமுன் ஜென்டாமைசின் ஊசியும் அமாக்சிசிலினும் கொடுக்கத் துணை நிலையச் செவிலியருக்கு 2014இல் அனுமதி அளிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் தொலை மருத்துவத்துக்கான நெறிமுறைகள் வெளியிடப்பட்டபின், துணை நிலையத்திலிருந்தே 'ஈ-சஞ்சீவனி' வாயிலாக மருத்துவரோடு பேசி முறையான சீட்டைப் பெறவும் வழியுண்டு. மாத்திரை கேட்டுக் கடைக்குச் செல்பவருக்கு இவ்வழியைக் கூற வேண்டியவர்கள் அவ்வூரின் ஆசிரியரும் சுகாதார ஊழியருமே. கடைக்காரர் கூறுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

2024 ஜனவரியில் மத்திய சுகாதாரப் பணிகளின் தலைமை இயக்குநர் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஆண்டிபயாடிக் எழுதும்போது அதை எதற்காக எழுதுகிறோம் என்பதையும் சீட்டில் தவறாமல் குறிக்குமாறும், முறையான சீட்டின்றி விற்காதிருக்குமாறு மருந்தாளுநர்களுக்கும் அதில் கூறப்பட்டது. நிமோனியா என்றோ சிறுநீர்த் தொற்று என்றோ இரண்டொரு சொற்கள் எழுதப்பட்டால், மூன்று மாதம் கழித்து அதே சீட்டை வயிற்றுப்போக்குக்குக் கொண்டுவருபவரைக் கடைக்காரர் திருப்பியனுப்பலாம். மேசையில் நிற்கும் இளைஞருக்கும் நோய் இன்னதென்று தெரிந்துவிடும். எனினும் அது வேண்டுகோளே. சீட்டில் இருக்க வேண்டியவை என்று 1945ஆம் ஆண்டு விதிகள் கூறுபவற்றுள் நோயின் பெயர் இடம்பெறவில்லை.